கான்கிரீட் தரைக்கு அடியில் போகும் பாத்ரூம் கழிவுக் குழாயையும் வென்ட் பைப்பையும் மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாத்ரூம் தரையை உடைப்பது என்று முடிவானதும் வீட்டில் பேச்செல்லாம் உடைப்பதைப் பற்றியும் திரும்பப் பூசுவதைப் பற்றியும்தான் இருக்கும். எவ்வளவு தூசி வரும், அதே டைல்ஸ் கிடைக்குமா, அதுவரை குளிக்க எங்கே போவது? இதெல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம். வேலை நிற்பதும் கெடுவதும் மண்ணுக்குள் போகும் குழாயின் வாட்டத்திலும் (சரிவிலும்) அதற்குக் காற்று விடும் வென்ட் பைப்பிலும் இருக்கிறது. அதிலும் வென்ட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. தண்ணீர்தான் போகிறதே, காற்றுக்குக் குழாய் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். தரை திறந்து கிடக்கும்போது அதைச் செய்யாவிட்டால், பின்னால் அதற்காகவே இன்னொரு முறை உடைக்க வேண்டியிருக்கும்.

இங்கே சொல்வது மண்மேல் நேரடியாகப் போட்ட தரைத்தளக் கான்கிரீட்டுக்கு மட்டும். மாடித் தளம் தன் கம்பிகளின் பலத்தில் நிற்பது. அதை இந்த முறையில் வெட்டக்கூடாது.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்

நாற்றம் அடித்தால் உடனே குழாய் உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கமோடு, பேசின், தரைத் துவாரம் ஒவ்வொன்றின் கீழும் டிராப் என்ற வளைவு இருக்கும். ஒவ்வொரு டிராப்பிலும் சுமார் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். புழங்காத பாத்ரூமில் அது காய்ந்துபோனாலே நாற்றம் வரும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். கமோடில் தண்ணீர் விடும்போது பக்கத்திலிருக்கும் தரை டிராப் ‘குளுக் குளுக்’ என்று சத்தம் போட்டால் வென்ட் அடைத்திருக்கிறது, அல்லது வென்ட்டே இல்லை என்று சந்தேகப்படலாம். கூரைக்கு மேல் போகும் வென்ட்டின் வாயில் குருவிக்கூடோ சருகோ அடைத்திருந்தால், தரையைத் தொடாமலே வேலை முடிந்துவிடும்.

பல இடங்களில் ஒரே சமயத்தில் தண்ணீர் மெதுவாக இறங்குவது, அடைப்பு எடுத்த சில வாரங்களிலேயே மறுபடி அடைப்பது, தரை ஓரிடத்தில் தாழ்வது, எந்நேரமும் ஓதமாக இருப்பது, இதெல்லாம் இருந்தால் கேமரா விட்டுப் பார்ப்பதுதான் வழி. கேமராவில் மூன்று விஷயம் தெரியும். குழாயில் தண்ணீர் ஓரிடத்தில் குளம்போல நின்றால் அங்கே குழாய் தொய்ந்திருக்கிறது. மூட்டில் வேர் தெரிந்தால் மூட்டு விட்டிருக்கிறது. பழைய வார்ப்பிரும்புக் குழாய் என்றால் அடிப்பாகம் துருப்பிடித்து அரித்துப்போய், ஓடையின் இடத்தில் வெறும் மண் தெரியும். மேல்பாகமும் தப்புவதில்லை. கழிவிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகி அதை உள்ளிருந்தே தின்கிறது. கேமராவின் தலையில் சிக்னல் அனுப்பும் கருவி இருந்தால் குழாய் போகும் பாதையையும் ஆழத்தையும் தரைமேல் சாக்பீஸால் குறித்துவிடச் சொல்லுங்கள். உடைக்கும் இடம் பாதியாகக் குறையும்.

குழாயின் உருவம் கெடாமல் மூட்டுகள் மட்டும் கசிந்தால், உள்ளே பிசின் உறை விட்டு இறுக வைக்கும் முறையும் உண்டு. தரையை உடைக்க வேண்டாம். ஆனால் தொய்ந்த குழாயில் உறையும் அதே தொய்வோடுதான் நிற்கும். இல்லாத வென்ட்டையும் அது கொண்டுவராது.

அனுமதி, ஆபத்து, கருவி

பல ஊர்களில் இந்த வேலைக்கு அனுமதி வேண்டும். பள்ளம் திறந்திருக்கும்போதே அதிகாரி வந்து பார்க்க வேண்டும் என்பதும் வழக்கம். வென்ட் விதிகள் இடத்துக்கு இடம் மாறும். இதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் தளம் எந்த வகை? சில கட்டடங்களில் கான்கிரீட்டுக்குள் எஃகு வடங்களை இழுத்துப்பிடித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வடத்திலும் 10 டன்னுக்கு மேல் இழுவிசை இருக்கும். அதை அறுத்தால் வடம் தரையைப் பிளந்துகொண்டு தெறிக்கும். வரைபடத்தில் அப்படி இருந்தாலோ, சந்தேகம் இருந்தாலோ, ஸ்கேன் செய்து பார்க்காமல் பிளேடை வைக்காதீர்கள். தரைக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயையும் மின்சார வயரையும் அதே ஸ்கேனில் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

பழைய குழாய் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டாக இருந்தால் மெஷின் வைத்து அறுக்கக்கூடாது. அதை எடுக்கப் பயிற்சி உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். சுமை தாங்கும் சுவரின் அஸ்திவாரத்தை ஒட்டியோ அதற்கு அடியிலோ தோண்ட வேண்டிவந்தால் பொறியாளர் பார்த்த பிறகுதான்.

கருவிகள்: டைமண்ட் பிளேடு போட்ட கட்டிங் மெஷின், கான்கிரீட் உடைக்கும் சிறிய பிரேக்கர், மண்வெட்டி, ரசமட்டம், டியூப் லெவல், குழாயை அடைக்கக் காற்றூதும் ரப்பர் பிளக். உடம்புக்கு நீளக் கையுறை, கண்ணாடி, காதடைப்பு, பூட்ஸ், நல்ல முகமூடி. கைக்குட்டை கட்டிக்கொண்டு கான்கிரீட் அறுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. தண்ணீர் விட்டபடியே அறுங்கள். ஈரத்தில் மெஷின் ஓட்டுவதால் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் வழியாகத்தான் இணைப்பு கொடுக்க வேண்டும். அறுக்கும்போது ஓடும் சிமென்ட் சேற்றை டிராப்பில் தள்ளிவிடாதீர்கள், அது உள்ளேயே இறுகிவிடும்.

படி 1: காகிதத்தில் வாட்டம் போடுங்கள்

இந்த ஒரு மணி நேரத்தைச் சுருக்காதீர்கள். கணக்கைக் கமோடிலிருந்து தொடங்கக்கூடாது. புதுக் குழாய் போய்ச் சேரும் பழைய மெயின் லைனிலிருந்து மேல்நோக்கி வர வேண்டும். மெயினின் ஆழத்தை நீங்கள் மாற்ற முடியாது, மற்றதையெல்லாம் மாற்றலாம்.

வாட்டம் மீட்டருக்கு 2 சென்டிமீட்டர், அதாவது அடிக்குக் கால் அங்குலம். 110 மில்லிமீட்டர் குழாய்க்கு அதில் பாதியையும் பல விதிகள் ஒப்புக்கொள்கின்றன. இடமிருந்தால் 2 சென்டிமீட்டரே கொடுங்கள். உதாரணமாக, முடிந்த தரையிலிருந்து மெயினின் அடிமட்டம் 45 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, ஷவர் அங்கிருந்து 3 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டருக்கு 6 சென்டிமீட்டர் ஏற்றம். ஷவர் முனையில் குழாயின் அடிமட்டம் 39 சென்டிமீட்டர் ஆழத்தில் வரும். அதற்குள் 10 சென்டிமீட்டர் கான்கிரீட், அதன்மேல் டைல்ஸ், கீழே டிராப் எல்லாம் அடங்குமா? அடங்கினால் சரி. அடங்காவிட்டால் இப்போதே பாதையை மாற்றுங்கள். பள்ளம் தோண்டிவிட்டு வாட்டத்தைத் திருடுவதில்தான் பாதி அடைப்புகள் பிறக்கின்றன.

குழாய் அளவு: கமோடுக்கு 110 மில்லிமீட்டர் (4 அங்குலம்), ஷவருக்கும் தரை டிராப்புக்கும் குறைந்தது 50, வாஷ்பேசினுக்கு 40. தண்ணீர் போகும் திசையில் அளவு பெரிதாகலாம், ஒருபோதும் சிறிதாகக்கூடாது.

கமோடின் மையம் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் என்பது பரவலான அளவு. ஆனாலும் நீங்கள் வாங்கிய மாடலைத் திறந்து அளந்துவிடுங்கள். இந்த அளவு டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து கணக்கு. வெறும் செங்கல்லிலிருந்து அளந்து குழாய் வைத்தால், பூச்சும் டைல்ஸும் சேர்ந்து மூன்று நான்கு சென்டிமீட்டரைத் தின்றுவிடும்; கமோடின் முதுகு சுவரில் இடிக்கும்.

படி 2: வென்ட் எங்கே ஏறும்?

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் குபுக் குபுக்கென்று தடுமாறி வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் சீராக ஒழுகும். அந்த இரண்டாவது ஓட்டைதான் வென்ட். அது இல்லாவிட்டால் ஓடும் தண்ணீர் பின்னாலிருக்கும் காற்றை இழுக்கும், காற்று கிடைக்காமல் டிராப்பில் நிற்கும் தண்ணீரையே உறிஞ்சிக்கொண்டு போகும். மிச்சமெல்லாம் நாற்றமும் கரப்பானும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. டிராப்பிலிருந்து வென்ட் சேரும் இடம் வரை குழாயின் மொத்த இறக்கம் அந்தக் குழாயின் விட்டத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வென்ட்டின் வாய் டிராப்பின் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும், காற்று எட்டாது. 50 மில்லிமீட்டர் குழாய் மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறங்கினால் இரண்டரை மீட்டரில் 50 மில்லிமீட்டர் இறங்கிவிடும். அதுதான் எல்லை. சில விதிகள் இதை ஒன்றரை மீட்டராகச் சுருக்கியிருக்கின்றன. ஒன்றரைக்குள் முடித்துவிட்டால் எந்தக் கவலையும் இல்லை. இந்தத் துண்டில் மட்டும் வாட்டத்தைக் கூட்டுவது நல்லது செய்வதாக நினைத்துக் கெடுப்பதுதான்.

வென்ட் கழிவுக் குழாயின் மேல்பாதியிலிருந்து கிளம்ப வேண்டும், நேர் மேலாகவோ 45 டிகிரிக்கு மேற்படாத சாய்விலோ. பக்கவாட்டில் படுக்கையாகக் கிளம்பினால் லைன் ஒருமுறை அடைத்து நிரம்பும்போது கழிவு அதற்குள் புகுந்து அங்கேயே காய்ந்துவிடும். அதைக் கழுவித் தள்ள அந்தப் பக்கம் தண்ணீரே வராது. சுவருக்குள் ஏறிய பிறகும், அந்த வென்ட் சேவை செய்யும் பேசின் அல்லது கமோடின் விளிம்புக்கு 15 சென்டிமீட்டர் மேலே போன பிறகே படுக்கையாகத் திரும்பலாம். அந்தப் படுக்கைத் துண்டும் கழிவுக் குழாய் பக்கமே லேசாகச் சரிந்திருக்க வேண்டும், உள்ளே சேரும் ஈரம் வடிந்து இறங்கும்.

வென்ட்டின் அளவு அது சேவை செய்யும் கழிவுக் குழாயின் பாதிக்குக் குறையக்கூடாது. கமோடின் 4 அங்குலக் குழாய்க்கு 2 அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர் குழாய் வைத்துவிடுங்கள். மேல்முனை கூரைக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி, வலைமூடியோடு. ஆட்கள் நடமாடும் மொட்டைமாடி என்றால் மாடித் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக்காவது கொண்டுபோக வேண்டும்.

சிறிய பாத்ரூமில் ஒவ்வொன்றுக்கும் தனி வென்ட் தேவையில்லை. வாஷ்பேசின் குழாயை 50 மில்லிமீட்டராகச் சுவருக்குள் நேராக மேலே ஏற்றிக் கூரைவரை கொண்டுபோனால், பேசினுக்குக் கீழேயுள்ள பகுதி தண்ணீரும் இறக்கும், ஷவருக்கும் கமோடுக்கும் காற்றும் கொடுக்கும். பேசின் மேல்முனையில், ஷவர் நடுவில், கமோடு கடைசியில், மெயினை ஒட்டி என்ற வரிசை முக்கியம். கமோடின் வெள்ளம் வென்ட்டாக வேலை செய்யும் துண்டு வழியாகப் போகக்கூடாது. காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வுகளும் கிடைக்கின்றன. அவை எல்லா இடத்திலும் அனுமதிக்கப்படுவதில்லை. தேய்ந்தால் மாற்ற வேண்டியவை என்பதால் சுவருக்குள் வைத்துப் பூசிவிடவும் கூடாது.

படி 3: அறுத்து உடைப்பது

கமோடு, பேசின் எல்லாவற்றையும் கழற்றித் தண்ணீரை நிறுத்துங்கள். அந்த லைனில் சேரும் மற்ற பாத்ரூம்களையும் யாரும் புழங்கக்கூடாது. கதவை பிளாஸ்டிக் ஷீட்டால் அடைத்துவிடுங்கள்.

பள்ளத்தின் அகலம் 45 சென்டிமீட்டர் போதும். மூட்டுகள் வரும் இடத்தில் இன்னும் கொஞ்சம் அகலமாக. முதலில் ஒரு சின்ன ஓட்டை போட்டுக் கான்கிரீட்டின் தடிமனைப் பாருங்கள். கோடு போட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒருமுறை, அப்புறம் முழு ஆழத்துக்கு அறுங்கள். உடைக்கும் துண்டுகளைச் சிறிதாக வையுங்கள். 10 சென்டிமீட்டர் தடிமனில் ஓரடிச் சதுரத் துண்டே 20 கிலோவுக்கு மேல் இருக்கும்.

கறுத்து நாறும் மண் கசிவு பட்ட மண். அதைத் திரும்பப் போடாமல் வெளியே அனுப்புங்கள். பல வருடம் கசிந்த இடத்தில் தளத்துக்கு அடியில் மண் அரித்துக் குகைபோல இருக்கும். கம்பியை விட்டுக் குத்திப் பார்த்து, இருந்தால் நன்றாக அடைத்துக் கெட்டிக்க வேண்டும்.

படி 4: பழையதை வெட்டி எடுப்பது

மேலேயிருந்து செங்குத்தாக வரும் வார்ப்பிரும்புக் குழாயைக் கீழே வெட்டுவதற்கு முன், மேலே கிளாம்ப் போட்டுத் தாங்கிவிடுங்கள். 4 அங்குலக் குழாய் மீட்டருக்கு 10 கிலோவுக்குக் குறையாது. அடியை வெட்டினால் மொத்தமும் இறங்கும். துருப்பிடித்த குழாயைச் சங்கிலி கட்டரால் நெரித்தால் நொறுங்கிப்போகும், டைமண்ட் பிளேடால் சுற்றி அறுப்பதே நல்லது. நல்ல உலோகம் கிடைக்கும்வரை பின்னால் போய் வெட்டுங்கள். வெட்டிய வாயைச் சுத்தியால் லேசாகத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் இன்னும் பின்னால் போங்கள். வெட்டிய மெயின் வாயை உடனே பிளக் வைத்து அடைத்துவிடுங்கள், மண்ணும் உள்ளே போகாது, வாயுவும் வெளியே வராது.

படி 5: புதுக் குழாய் படுக்கை

கல் இல்லாத மணலையோ பொடி ஜல்லியையோ 10 சென்டிமீட்டர் பரப்பி, கெட்டித்து, அதிலேயே வாட்டம் கொடுங்கள். குழாய் முழு நீளமும் மணலில் உட்கார வேண்டும். சாக்கெட் (அடுத்த குழாய் செருகும் அகன்ற முனை) வரும் இடத்தில் சின்னக் குழி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாக்கெட் மட்டும் தாங்கி நடுக்குழாய் அந்தரத்தில் நிற்கும். செங்கல் துண்டு முட்டுக்கொடுத்து வாட்டம் சரிசெய்வதும் அதே தவறுதான், இரண்டு முட்டுக்கு நடுவில் குழாய் தொய்யும்.

முதலில் சால்வென்ட் (பிவிசி ஒட்டும் பசை) தொடாமல் எல்லாவற்றையும் வெறுமனே கோத்துப் பாருங்கள். சாக்கெட் வாய் தண்ணீர் வரும் பக்கம் பார்க்க வேண்டும். படுக்கை லைனில் கிளை சேர்க்க ஒய் (Y வடிவ இணைப்பு), 45 டிகிரி பெண்ட் மட்டும். நேர் டீ (T வடிவ இணைப்பு) செங்குத்துக் குழாய்க்கு உரியது. படுத்த லைனில் அது கழிவை எதிர்ச்சுவரில் மோதவிடும். திசை திரும்பும் இடத்தில் நீண்ட வளைவுள்ள பெண்ட் போடுங்கள். லைனின் மேல்முனையில், கை எட்டும் இடத்தில், அடைப்பு எடுக்க மூடியுள்ள ஒரு வாய் வைத்துவிடுங்கள்.

ஒட்டும்போது: வெட்டிய முனையின் பிசிறை நீக்குங்கள், துடைத்து உலர்த்துங்கள், குழாயிலும் சாக்கெட்டிலும் பிரைமர் தடவிச் சால்வென்ட் பசை போட்டு, கால் சுற்று திருப்பியபடி முழுக்கத் தள்ளி அரை நிமிடம் பிடித்திருங்கள். விட்டால் குழாய் மெல்லப் பின்வாங்கும். திசை முக்கியமான பெண்டுகளில் முன்கூட்டியே கோடு போட்டுக்கொண்டால் அவசரத்தில் கோணல் ஆகாது.

பழைய வார்ப்பிரும்போடு புதுப் பிவிசியைச் சேர்க்க, வெளியே முழுநீள எஃகு உறை உள்ள ரப்பர் கப்ளிங் போடுங்கள். இரண்டு முனையில் மட்டும் பட்டையுள்ள வெறும் ரப்பர் மண் பாரத்தில் நடுவில் மடங்கும். அங்கே ஒரு படிக்கட்டு உண்டாகித் துணியும் முடியும் சிக்கும்.

படி 6: மூடுவதற்கு முன் தண்ணீர்ச் சோதனை

சால்வென்ட் நன்றாக இறுகிய பிறகு, கீழே மெயின் பக்கம் பிளக் வைத்து, எல்லா வாய்களையும் அடைத்து, செங்குத்துக் குழாய் வழியாக 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். மட்டத்தைக் குறித்து 15 நிமிடம் பாருங்கள். ஒரு மயிரிழைகூட இறங்கக்கூடாது. ஒவ்வொரு மூட்டின் அடியிலும் கையை விட்டுத் தடவுங்கள். மேலே காய்ந்திருந்து கீழே முத்து முத்தாகக் கசிவது உண்டு. 3 மீட்டர் தண்ணீர் 110 மில்லிமீட்டர் பிளக்கைச் சுமார் 25 கிலோ பலத்தோடு தள்ளிக்கொண்டிருக்கும், பிளக்குக்கு முட்டுக்கொடுங்கள், எதிரில் குனிந்து நின்று காற்றை இறக்காதீர்கள். தண்ணீருக்குப் பதில் அழுத்தக் காற்று வைத்துச் சோதிக்கலாம் என்று யாராவது சொன்னால் பிவிசியில் வேண்டாம். தெறித்தால் துண்டுகளாகப் பறக்கும்.

சோதனை தேறியதும் வாட்டத்தை ரசமட்டம் வைத்து இன்னொரு முறை பாருங்கள். சுவரிலிருந்து அளவு நாடா நீட்டியபடியே ஒவ்வொரு மூட்டையும் படம் எடுத்துவிடுங்கள். அதிகாரி பார்க்க வேண்டியிருந்தால் இப்போதுதான்.

படி 7: மண், கான்கிரீட்

குழாயின் இரண்டு பக்கமும் மணலைக் கையால் அடைத்துத் திணியுங்கள். குழாய்க்கு மேல் மணல் மூடிய பிறகு 15 சென்டிமீட்டர் அடுக்காக மண் போட்டு, லேசாக நனைத்து, திமிசுக் கட்டையால் கெட்டியுங்கள். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் ஒரு வருடத்தில் தரை தாழும்.

தளத்துக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் இருந்திருந்தால் புதுத் துண்டை ஓரங்களில் மேற்படிய வைத்து டேப் ஒட்டுங்கள், ஓதம் அந்த இடைவெளியைத்தான் தேடி வரும். பழைய கான்கிரீட்டின் பக்கங்களில் 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 45 முதல் 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஓட்டை போட்டு, தூசியை ஊதி, எபாக்சி வைத்துச் செருகுங்கள். புதுத் துண்டு தனியாக இறங்காது. கான்கிரீட் வழியாக மேலே வரும் குழாய்களைச் சுற்றி ஸ்பாஞ்ச் ஷீட் சுற்றிவிடுங்கள். கான்கிரீட் நேரடியாகப் பிடித்தால் குழாய் விரியவும் சுருங்கவும் வழியில்லாமல் மூட்டு விடும். ஷவர் டிராப்பைச் சுற்றி மட்டும் சிறிய பெட்டி வைத்து இடம் விடுங்கள், கடைசி உயரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். பழைய விளிம்பை நனைத்துச் சிமென்ட் பால் பூசி, கான்கிரீட் போட்டு, 7 நாள் ஈரம் காயாமல் வையுங்கள்.

படி 8: மேல் வேலை

நீர்த்தடுப்புப் பூச்சு டிராப்பின் வாய்க்குள் இறங்கி முடிய வேண்டும், அதன் பிறகு டைல்ஸ். கமோடு உட்காரும் வளையமான ஃபிளாஞ்ச் முடிந்த தரைக்கு மேல் உட்கார வேண்டும். தாழ்ந்துபோனால் அந்த இடைவெளியில் சீல் பிடிக்காது. கமோடு மாட்டியதும் அதில் ஐந்தாறு தடவை அடுத்தடுத்துத் தண்ணீர் விட்டு, அதே சமயம் ஷவர் டிராப்பின் தண்ணீரை டார்ச் அடித்துப் பாருங்கள். லேசாக ஆடலாம். உள்ளே இழுபட்டு மட்டம் குறைந்தால், கூரையில் ஏறி வென்ட்டின் வாயில் வேலை நேரத்தில் செருகிய துணியோ பிளக்கோ இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.